லாசாவுக்குப் போகாமலே திபெத்தியப் பண்பாட்டைக் காண: சிம்லாவிலிருந்து ஸ்பிதிக்குத் தரைவழி

கேள்வி இதுதான்: “விமானத்தில் போய் இறங்காமல், மலைப்பாதையில் கொஞ்சம் கொஞ்சமாக ஏறி, திபெத்தியப் பண்பாட்டை அது வாழும் இடத்திலேயே காண விரும்புகிறேன். அதற்கு லாசாவுக்குத்தான் போயாக வேண்டுமா, இந்தியாவுக்குள்ளேயே வழி உண்டா? எத்தனை நாள் ஆகும், எதில் எச்சரிக்கை வேண்டும்?” கேட்டவர் தமக்கு ஐம்பத்திரண்டு வயது என்றும், உடல்நலத்தில் குறையில்லை என்றும், சிம்லாவை அடைந்த பிறகு இரண்டு வாரம் கையில் இருக்கும் என்றும் சேர்த்து எழுதியிருந்தார். இந்த மூன்று செய்திகளும் பதிலுக்கு மிகவும் உதவுகின்றன. குறிப்பாக, இரண்டு வாரம் என்பது.

லாசாவை முதலில் பேசி முடித்துவிடலாம். திபெத் தன்னாட்சிப் பகுதிக்குள் நுழைய வெளிநாட்டவர் எவருக்கும் சீன விசா மட்டும் போதாது. தனியாகப் பயண அனுமதிச் சீட்டும் வேண்டும். அதைப் பயண முகவர் வழியாகத்தான் பெற முடியும், வழிகாட்டியும் முன்கூட்டியே வகுத்த பயணத் திட்டமும் கட்டாயம். விரும்பிய கிராமத்தில் இறங்கி, விரும்பிய வீட்டில் இரண்டு நாள் தங்கி, மனம் போனபடி அடுத்த ஊருக்குப் பேருந்து ஏறுவது அங்கே நடவாது. கைலாச யாத்திரை 2020 முதல் நின்றுபோய் 2025-இல் மீண்டும் தொடங்கியிருக்கிறது. ஆனால் அது புனித யாத்திரை. குழுவோடு போய்க் குழுவோடு திரும்புவது. நீங்கள் கேட்பது வேறு. மெல்ல ஏறுவதும், நின்று பார்ப்பதும், வீட்டாரோடு உட்கார்ந்து உண்பதும் உங்கள் நோக்கமானால், சிம்லாவில் தொடங்கி, சட்லஜ் ஆற்றின் கரையோடு கின்னௌர் மாவட்டத்தைக் கடந்து, இமாச்சலத்தின் ஸ்பிதிப் பள்ளத்தாக்குக்குள் ஏறி, குன்சும் கணவாய் வழியாக மணாலியில் இறங்கும் பாதையைத்தான் நான் சொல்வேன். லடாக்கை ஏன் முதலில் சொல்லவில்லை என்று பலர் கேட்பார்கள். லடாக் பெரியது, அழகானது, அதற்கென்று தனிப் பயணம் வேண்டும். இரண்டு வாரத்தில் தரைவழியாக அவசரமில்லாமல் ஏறி இறங்க ஸ்பிதிதான் அளவாக இருக்கும்.

இந்தப் பாதையைச் சொல்வதற்கு வரலாற்றுக் காரணமும் உண்டு. ஸ்பிதியைத் திபெத்தின் ஓரத்தில் ஒட்டிக்கொண்ட துண்டு நிலமாகப் பலர் எண்ணுகிறார்கள். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் நிலைமை அப்படி இல்லை. மத்தியத் திபெத்தில் பேரரசு சிதைந்து பௌத்தம் நலிந்திருந்த காலத்தில், மேற்குத் திபெத்தில் எழுந்த கூகே அரசுதான் அந்தச் சமயத்தை மீட்டெடுத்தது. அதன் மன்னர் யேஷே ஓ, அறிவுள்ள இருபத்தொரு இளைஞர்களைத் தேர்ந்தெடுத்து, வடமொழி நூல்களைக் கற்றுவரக் காஷ்மீரத்துக்கு அனுப்பினார் என்றும், வெப்பமும் நோயும் தாங்காமல் பத்தொன்பது பேர் இறந்துபோக, இருவரே திரும்பினார்கள் என்றும் மரபு சொல்கிறது. மேலிருந்து கீழே வந்தவர்களை வெப்பம் கொன்றது. கீழிருந்து மேலே போகும் நம்மைக் காற்றின் மெலிவு வருத்துகிறது. திரும்பிய இருவரில் ஒருவர்தான் மொழிபெயர்ப்பாளர் என்றே இன்றும் போற்றப்படும் ரின்சென் சாங்போ (958–1055). கின்னௌரிலும் ஸ்பிதியிலும் லடாக்கிலும் பழைய கோயில் எதைக் காட்டிக் கேட்டாலும் அவர் கட்டியது என்பார்கள். எல்லாமே அவர் கட்டியதாக இருக்க முடியாது. ஆனால் அவர் நடந்த பாதையில்தான் நீங்கள் போகப்போகிறீர்கள் என்பதில் ஐயமில்லை.

கூகேயின் தலைமை ஊர்களான தோலிங்கும் சாபராங்கும் இன்று சீன எல்லைக்குள் இருக்கின்றன. 1966-இல் தொடங்கிய கலாச்சாரப் புரட்சியின் ஆண்டுகளில் அங்கிருந்த கோயில்கள் பெரும் சேதமடைந்தன. ஸ்பிதியோ 1846-இல் லடாக்கிலிருந்து பிரிக்கப்பட்டு ஆங்கிலேயர் ஆட்சியின் கீழ் வந்ததால், ஒரு நூற்றாண்டு கழித்து எல்லைக் கோட்டின் இந்தப் பக்கம் நின்றது. அந்தப் பெயர்ப்பலகை மாற்றம்தான் ஸ்பிதியின் பழைய மடாலயமான தாபோவின் சுவர்களைக் காப்பாற்றியது என்று சொன்னால் மிகையாகாது.

இனி உயரம். இதைச் சற்று விரித்தே சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தப் பயணம் கெடுவது பெரும்பாலும் இதனால்தான். நான் முதன்முறை போனபோது மணாலியிலிருந்து ஒரே நாளில் ஸ்பிதியின் தலைமை ஊரான காஜாவுக்குப் போனேன். சுமார் 2,050 மீட்டரில் காலை உணவு, 4,551 மீட்டர் குன்சும் கணவாயில் பிற்பகல் தேநீர், 3,650 மீட்டரில் இரவுப் படுக்கை. வாடகை வண்டிக்காரர் “ஒன்றும் ஆகாது” என்று சொன்னார். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. எனக்கு நள்ளிரவில் நெற்றிப்பொட்டில் யாரோ விரலால் அழுத்திக்கொண்டே இருப்பதுபோல் வலி எழுந்தது. தண்ணீர் குடித்தால் குமட்டியது. கண்ணை மூடினால் மூச்சு நின்று நின்று வந்து திடுக்கிட்டு எழுந்தேன். அடுத்த இரண்டு நாள் விடுதிக் கூரையைப் பார்த்துக்கொண்டே கழிந்தது. மூன்று நாள் பயணத்தில் இரண்டு நாள்!

கடல் மட்டத்தில் நாம் இழுக்கும் மூச்சோடு ஒப்பிட்டால், காஜா உயரத்தில் கிடைக்கும் உயிர்வளி ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான். உடல் இதற்குப் பழகிக்கொள்ளும், ஆனால் நாள் கேட்கும். மூவாயிரம் மீட்டருக்கு மேல் போனபின், இரவு உறங்கும் இடத்தின் உயரத்தை நாளொன்றுக்கு ஐந்நூறு மீட்டருக்கு மேல் கூட்டாமல் இருப்பதும், மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை ஒரே இடத்தில் இரண்டு இரவு தங்குவதும் மலை மருத்துவர்கள் சொல்லும் நெறி. பகலில் எவ்வளவு உயரம் போனாலும் பெரிய தொல்லையில்லை. இரவு எங்கே படுக்கிறோம் என்பதே கணக்கு. ஐம்பது வயது என்பதால் தனியாகப் பயம் வேண்டாம். திடகாத்திரமான இளைஞர்கள்தான் ஓடியாடித் திரிந்து அதிகம் அகப்படுகிறார்கள். இரத்த அழுத்தத்துக்கோ இதயத்துக்கோ மருந்து உட்கொள்பவரானால் புறப்படும் முன் மருத்துவரிடம் பேசுங்கள். உயர நோய்க்குத் தரும் அசிட்டசோலமைடு என்ற மாத்திரையைப் பற்றியும் அவரிடமே கேளுங்கள். சல்ஃபா வகை மருந்து ஒவ்வாதவர்கள் அதைத் தாமாக வாங்கி விழுங்கக் கூடாது. படுத்திருக்கும்போதே மூச்சு வாங்கினால், நடை தள்ளாடினால், பேச்சு குழறினால் மறுநாள் வரை காத்திருக்காமல் கீழே இறங்க வேண்டும். அதற்கு மாற்று மருந்து எதுவும் இல்லை.

சிம்லா வழியாக ஏறினால் இந்தக் கணக்கு தானாகவே அமைந்துவிடுகிறது. சிம்லா சுமார் 2,200 மீட்டர். கால்காவிலிருந்து 1903-இல் திறக்கப்பட்ட குறும்பாதை ரயிலில் போனால் தரைவழிப் பயணத்துக்குப் பொருத்தமான தொடக்கமாக இருக்கும். நூற்றுக்கும் மேற்பட்ட சுரங்கங்களில் புகுந்து புகுந்து ஏறும். அங்கே ஓரிரவு, பீமாகாளி கோயில் உள்ள சராஹனில் ஓரிரவு, கின்னௌரின் கல்பாவில் இரண்டு இரவு. கல்பா ஏறத்தாழ 2,960 மீட்டர். பிறகு நாகோ, தாபோ. இங்கே ஒரு சிறு நுட்பம் இருக்கிறது. பெரும்பாலான பயணத் திட்டங்கள் கல்பாவுக்கு அடுத்த இரவை நாகோவில் வைக்கின்றன. நாகோ 3,600 மீட்டருக்கு மேல். அதற்கடுத்த தாபோவோ 3,300 மீட்டருக்குள். அதாவது ஒரேயடியாக ஏறி, பிறகு இறங்குகிறோம். உடல் எப்படி ஏற்கும் என்று தெரியாதவர்கள் நாகோவின் ஏரியையும் பழைய கோயில்களையும் பகலில் பார்த்துவிட்டு மாலைக்குள் தாபோவுக்கு இறங்கிப் படுப்பதே நல்லது.

கின்னௌர் வழியே போவதில் இன்னொரு பயன், பண்பாடு நிறம் மாறுவதைக் கண்ணாலேயே காணலாம். கீழ்க் கின்னௌரில் தேவதாரு மரத்தில் செதுக்கிய கோயில்கள். ஊர்த் தெய்வத்தைப் பல்லக்கில் ஏற்றிக் குலுக்கி அருள்வாக்குக் கேட்பார்கள். நம் ஊர்ச் சாமியாட்டம் பார்த்தவர்களுக்கு அது அந்நியமாகத் தோன்றாது. கல்பாவில் நாராயண நாகினி கோயிலும் பௌத்த மடாலயமும் கூப்பிடு தூரத்தில் நிற்கின்றன, ஒரே குடும்பம் இரண்டுக்கும் போகிறது. எதிரே கின்னர் கைலாசம். அங்கிருந்து மேலே போகப் போக ஆப்பிள் தோட்டங்கள் குறைகின்றன, சில்கோசாப் பைன் மரங்கள் பாறை இடுக்கில் தொற்றிக்கொண்டு நிற்கின்றன, பிறகு மரமே இல்லை. காப் என்ற இடத்தில் ஸ்பிதி ஆறு சட்லஜில் கலக்கிறது. ஷிப்கி கணவாய் அருகே இந்தியாவுக்குள் வரும் சட்லஜை வலப்புறம் விட்டுவிட்டு நாம் ஸ்பிதி ஆற்றோடு ஏறுகிறோம். மழைமேகங்களைத் தெற்கு மலைகளே தடுத்துக்கொள்வதால் இங்கிருந்து எல்லாம் காவியும் சாம்பலும்தான். கோயிலும் மாறிவிடுகிறது: மரச் சிற்பம் போய், வெள்ளை பூசிய மண்சுவரும் தட்டைக் கூரையும் வருகின்றன. ஊர் நுழைவாயிலில் சோர்ட்டன் எனப்படும் தூபி நிற்கிறது.

பேருந்தில் போவதானால் கல்பாவுக்குக் கீழே உள்ள ரெக்காங் பியோவிலிருந்து காஜாவுக்கு விடியற்காலையில் இமாச்சல அரசுப் பேருந்து உண்டு. ஏறத்தாழ 200 கிலோமீட்டரை நாள் முழுதும் ஊர்ந்து கடக்கும். மலையைக் குடைந்து வெட்டிய பாதையில் பாறை தலைக்கு மேல் கூரைபோல் நீட்டிக்கொண்டிருக்க, ஒரு பக்கச் சக்கரம் பள்ளத்தின் விளிம்பில் போகும். எனக்கு வாடகை வண்டியைவிட இந்தப் பேருந்தே பிடிக்கும். முதலில் கின்னௌரின் பச்சைத் தொப்பிகள் ஏறி இறங்கும். ஸ்பிதியின் நுழைவாயிலான சும்தோ தாண்டியபின் செபமாலை உருட்டும் விரல்கள் ஏறும். வெளிநாட்டவருக்கு இந்தப் பகுதியில் உள்எல்லை அனுமதி வேண்டும். இந்தியக் குடிமக்களுக்கு அடையாள அட்டை போதும்.

தாபோவில் இரண்டு இரவு தங்குங்கள் என்று நான் வலியுறுத்துவது உடலுக்காக மட்டுமல்ல. 996-இல் யேஷே ஓ நிறுவிய மடாலயம் இது. 1042-இல் அவர் மரபில் வந்த ஜாங்சுப் ஓ புதுப்பித்தார் என்று உள்ளே கல்வெட்டுபோல் சுவரிலேயே எழுதியிருக்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் ஏமாற்றமாக இருக்கும். குயவர் வீட்டுச் சூளையைப் பெரிதாக்கி வைத்ததுபோல் உயரமில்லாத மண் கட்டடங்கள், சன்னல் இல்லை, மேலே வெறும் மண்கூரை. மலையுச்சியில் மடாலயம் என்று எதிர்பார்த்துப் போனவர்கள் சமதளத்தில் இதைக் கண்டு பத்து நிமிடத்தில் திரும்பிவிடுகிறார்கள்.

துறவி ஒருவர் சாவியோடு வந்து திறந்துவிடுவார். உள்ளே முதலில் ஒன்றும் தெரியாது. படம் பிடிக்க அனுமதியில்லை. கைவிளக்கைக் கேட்டுவிட்டு, கீழ்நோக்கிப் பிடித்துக்கொண்டு, இடப்புறத்திலிருந்து தொடங்கி வலமாகச் சுற்ற வேண்டும். கண் பழகியதும், சுவரிலிருந்து முக்கால் உடல் வெளியே வந்ததுபோல், ஆள் உயரத்துக்குச் சற்றுக் குறைவான சுதையுருவங்கள் வரிசையாக அமர்ந்திருப்பது புலப்படும். மண்டபமே ஒரு மண்டலம், அதாவது தெய்வங்களின் உலகைக் காட்டும் வரைபடம்; நடுவில் நான்கு திசையும் பார்த்து நாலுருவாய் வைரோசன புத்தர், சுற்றிலும் அவருடைய பரிவாரத் தெய்வங்கள். காகிதத்தில் தட்டையாக நாம் பார்க்கும் மண்டலத்துக்குள் காலால் நடக்கிறோம். முகங்களில் காஷ்மீரக் கைவண்ணம் தெரிகிறது. கூரான மூக்கு, நீண்ட இமை.

அந்தச் சுதைகளுக்குக் கீழே, இடுப்பளவு உயரத்தில், ஓவியப் பட்டை ஒன்று ஓடுகிறது. பலர் அதைக் கவனிப்பதில்லை. புத்தரின் வாழ்க்கையோடு சுதனன் என்ற இளைஞனின் பயணமும் அதில் தீட்டப்பட்டிருக்கிறது. கண்டவியூகம் என்ற மகாயான சூத்திரத்தின் கதை அது: மெய்யறிவைத் தேடிப் புறப்பட்ட சுதனனை அறிவின் போதிசத்துவரான மஞ்சுஸ்ரீ தெற்கே அனுப்புகிறார், ஒவ்வொரு ஆசிரியரும் தமக்குத் தெரிந்ததை மட்டும் சொல்லிவிட்டு, மேற்கொண்டு அறிய இன்னாரிடம் போ என்று அடுத்தவரைக் காட்டுகிறார். துறவி, வணிகர், படகோட்டி, அரசன், கணிகை எனப் பலரும் அந்த ஆசிரியர் வரிசையில் உண்டு. அவர்களில் ஒருவர் மேகன். இருப்பது திரமிட நாட்டு நகரம், அதாவது தமிழர் நிலம். இமயத்துக்கு அப்பால் மண்சுவரில் தீட்டிய ஒரு யாத்திரைக் கதை நம் பக்கம் வந்துபோகிறது என்பதை அறிந்தபின் அந்தப் பட்டையை நான் மண்டியிட்டுத்தான் பார்த்தேன். அதே சூத்திரத்தில் சுதனன் கருணையின் போதிசத்துவரான அவலோகிதரைச் சந்திக்கும் மலை போதலகம். லாசாவின் போதாலா அரண்மனைக்குப் பெயர் அங்கிருந்து வந்தது. அந்த மலையை நம் பொதிகையோடு பொருத்துகிற ஆய்வாளர்களும் இருக்கிறார்கள்.

1975 ஜனவரியில் கின்னௌரை உலுக்கிய நிலநடுக்கத்திலும் இந்தக் கட்டடங்கள் பெருமளவு தாங்கி நின்றன. பனியையும் நடுக்கத்தையும் தாங்கும் மண்ணுக்கு மழைதான் பகை. கூரை ஒழுகினால் நிறம் சுவரோடு வழிந்துவிடும். சில இடங்களில் பழுப்புக் கோடுகளை நீங்களே காணலாம். சுவரில் கை வைக்கவோ முதுகைச் சாய்க்கவோ வேண்டாம், பையைக்கூட முன்பக்கம் மாட்டிக்கொள்ளுங்கள். அதே நிலநடுக்கத்துக்குப் பிறகுதான் சும்தோவுக்கு அருகே கியூ கிராமத்தில், உட்கார்ந்த நிலையில் உலர்ந்துபோன துறவியின் உடல் ஒன்று வெளிப்பட்டது. சுமார் ஐந்நூறு ஆண்டுப் பழையது. வழியில் பார்க்கலாம், ஆனால் அதைக் காட்சிப்பொருளாகப் பார்க்க எனக்குக் கூச்சமாகவே இருக்கிறது.

தாபோவிலிருந்து காஜா போகும் வழியில் தங்கர். தங் என்றால் செங்குத்துப் பாறை, கர் என்றால் கோட்டை. பெயர் பொய் சொல்லவில்லை. கறையான் புற்றுபோல் அரிக்கப்பட்ட மண்கோபுரங்களின் மேல் பழைய மடாலயம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. கீழே பின் ஆறும் ஸ்பிதி ஆறும் கலக்கும் அகலமான மணற்பரப்பு. ஸ்பிதியின் பழைய தலைநகர் இதுவே. பகலில் பார்த்துவிட்டுக் காஜாவுக்குப் போய்விடலாம்.

காஜா கடைத்தெருவும் பெட்ரோல் பம்பும் உள்ள ஊர். மூன்று இரவு தங்க வசதியானது, ஊராகச் சிறப்பொன்றும் இல்லை. கீ மடாலயம் 4,166 மீட்டர். விளம்பரத் தட்டிகளில் நீங்கள் பார்த்திருக்கும் படம் அதுதான், நேரில் போய்ப் பார்த்தாலும் படத்தைப் போலவே இருக்கிறது. நண்பகலில் போனால் வண்டிகளின் வரிசைதான் கண்ணில் படும். காலைப் பூசைக்குப் போங்கள். இளம் துறவிகள் பெரிய கெண்டியிலிருந்து தேநீர் ஊற்றிக்கொண்டே வரிசையில் வர, ஓதுதல் நிற்காமல் நடக்கும். உங்களுக்கும் ஒரு கிண்ணம் வந்துவிடும்.

ஆனால் மடாலயங்களை மட்டும் பார்த்துவிட்டுத் திபெத்தியப் பண்பாட்டைப் பார்த்ததாக எண்ணினால், கோபுரங்களை மட்டும் பார்த்துவிட்டுத் தமிழர் வாழ்க்கையைப் பார்த்ததாகச் சொல்வது போலாகும். லாங்ஸா, கோமிக், தேமுல் போன்ற மேட்டுக் கிராமம் ஒன்றில் இரண்டு இரவாவது வீட்டில் தங்க வேண்டும். எல்லாமே நாலாயிரம் மீட்டருக்கு மேல், ஆகவே காஜாவில் மூன்று இரவு கழிந்த பின்னரே.

நான் தங்கிய வீட்டில் குளிர்கால அறை கீழே, கோடை அறை மேலே. நடுவில் இரும்பு அடுப்பு, அதற்கு எரிபொருள் காய்ந்த சாணம். கூரை விளிம்பில் சுற்றிலும் விறகும் சுள்ளியும் அடுக்கியிருந்தார்கள். அந்த அடுக்கின் உயரத்தை வைத்தே வீட்டின் செழிப்பைச் சொல்லிவிடலாம். வீட்டுக்காரப் பெண்மணி நீண்ட மரக்குழலில் தேயிலைச் சாறும் வெண்ணெயும் உப்பும் இட்டு, மத்தால் மேலும் கீழும் இடித்துத் தேநீர் செய்தார். தேநீர் என்று எண்ணிக் குடித்தால் பிடிக்காது. நெய் மிதக்கும் ரசம் என்று எண்ணிக் குடித்தால் இரண்டாம் கிண்ணத்தில் பிடித்துவிடும். கிண்ணம் காலியானால் நிரப்பிவிடுவார்கள். போதுமானால் கடைசியில் குடிப்பதற்காகக் கொஞ்சம் மிச்சம் வைக்க வேண்டும். வறுத்த வாற்கோதுமை மாவைத் த்சம்பா என்கிறார்கள். நம் சம்பா அரிசிக்கும் அதற்கும் தொடர்பில்லை. அந்த மாவைத் தேநீர் விட்டுக் கிண்ணத்திலேயே ஒரு கையால் பிசைந்து உருண்டை பிடித்து உண்பது, நாம் சத்துமாவைப் பிசைந்து உண்பதுபோல்தான். கழிவறை என்பது மாடியறைத் தரையில் ஒரு துளை. பயன்படுத்தியதும் பக்கத்தில் குவித்திருக்கும் மண்ணைக் கரண்டியால் அள்ளிப் போட வேண்டும். அது வசந்தத்தில் வயலுக்கு எருவாகிறது. தண்ணீரைக் கொட்டிக் கெடுத்துவிடாதீர்கள். இது வீட்டாரே வெட்கத்தால் சொல்லாமல் விட்டுவிடுகிற செய்தி.

வயலில் நீர் பாய்ச்சுவதைக் கவனியுங்கள். பனி உருகிவரும் நீரைக் கால்வாயில் மைல்கணக்கில் கொண்டுவந்து, முறை வைத்துப் பிரித்துக்கொள்கிறார்கள். நிலம் குறைவு, நீர் அதனினும் குறைவு. அதனால்தான் மரபுப்படி வீடும் நிலமும் மூத்த மகனுக்கே போயின, இளையவர்கள் மடாலயம் சேர்ந்தார்கள். மூத்தவன் பொறுப்பேற்றதும் பெற்றோர் பெரிய வீட்டை விட்டுச் சின்ன வீட்டுக்குக் குடிபெயர்ந்தார்கள். மலையுச்சியில் அத்தனை துறவிகள் எப்படி வந்தார்கள் என்ற கேள்விக்குப் பக்தி ஒரு பாதிப் பதில், இந்த நிலக்கணக்கு மறு பாதி. பச்சைப் பட்டாணி பணப்பயிராக வந்து, பள்ளிக்கூடமும் சண்டிகரில் கல்லூரியும் எட்டும் தூரத்துக்கு வந்தபின் இந்த ஏற்பாடு தளர்ந்துவருகிறது. வீட்டாரிடம் கேட்டால் விரிவாகச் சொல்வார்கள், இந்தி போதும். அவர்களைத் திபெத்தியர்கள் என்று மட்டும் அழைத்துவிடாதீர்கள். மொழியும் எழுத்தும் சமயமும் திபெத்துடையவை, ஆனால் அவர்கள் ஸ்பிதிக்காரர்கள், அதில் அவர்களுக்கு அழுத்தம் உண்டு. வணக்கத்துக்கு ‘ஜூலே’, நன்றிக்கும் விடைபெறுவதற்கும் அதே சொல்தான்.

லாங்ஸாவில் சிறுவர்கள் சுருள் வடிவக் கல்லை விற்க வருவார்கள். இமயம் எழுவதற்கு முன் இங்கே கிடந்த தெத்திஸ் கடலில் வாழ்ந்த அம்மோனைட்டுகளின் புதைபடிவம் அது. கண்டகி ஆற்றிலிருந்து நம் வைணவ வீடுகளுக்கு வரும் சாளக்கிராமமும் இதே வகை உயிரியின் எச்சம்தான். பார்த்து வியந்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள், வாங்க வேண்டாம். ஹிக்கிமில் நாலாயிரத்து நானூறு மீட்டர் உயரத்தில் அஞ்சலகம் இருக்கிறது, 1983 முதல்; அஞ்சலட்டை எழுதலாம்.

நாள் மிஞ்சினால் பின் பள்ளத்தாக்கின் முத் கிராமத்துக்குப் போங்கள். திபெத்திய பௌத்தத்தின் பிரிவுகளில் கீ, தாபோ, தங்கர் மூன்றும் கெலுக், கோமிக் சாக்யா. பின் மட்டும் பழைய ஞிங்மா பிரிவைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. இங்கே புச்சென் என்ற இல்லறத்தார் பரம்பரை உண்டு. இரும்புப் பாலங்கள் கட்டியவராகப் போற்றப்படும் பதினைந்தாம் நூற்றாண்டுத் துறவி தாங்தோங் கியால்போவைத் தம் மூலவராகக் கொண்டு, ஊர் ஊராகப் போய்க் கதை நடித்து, படுத்திருப்பவர் வயிற்றின் மேல் பாறையை வைத்து உடைத்துத் தீமையை விரட்டும் சடங்கு செய்வார்கள். குளிர்காலத்தில்தான் பெரும்பாலும் ஊர் சுற்றுவார்கள் என்பதால் பார்க்க வாய்ப்பது அரிது.

எங்கும் பொருந்தும் ஒழுக்கம் ஒன்றுதான்: வலமாகச் சுற்றுவது. கோயிலை வலம் வந்து பழகிய நமக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை, ஆனால் பாதை நடுவே கிடக்கும் மணிக்கற்களின் சுவரையும் அப்படியே வலப்புறம் வைத்துக் கடக்க வேண்டும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். ‘ஓம் மணி பத்மே ஹூம்’ பொறித்த கல்லை நினைவுப்பொருளாக எடுத்துவருவது திருட்டு. கொடிகளின் நீலம், வெள்ளை, சிவப்பு, பச்சை, மஞ்சள் என்ற வரிசை வானம், காற்று, தீ, நீர், நிலம் ஆகியவற்றைக் குறிக்கும். அவை தரையில் படக்கூடாது. ஆகவே வண்டிக் கைப்பிடியில் கட்டித் தூசியில் இழுத்துக்கொண்டு போவது பக்தியும் அல்ல, அழகும் அல்ல.

காலம்: ஜூன் நடுவிலிருந்து மாத இறுதி வரை, அல்லது செப்டம்பர். ஸ்பிதியில் மழை குறைவென்றாலும் அங்கே போகும் பாதை மழைநாட்டின் வழியாகத்தான் போகிறது. ஜூலை, ஆகஸ்டில் கின்னௌரில் மலை சரியும். 2021 ஆகஸ்டில் நிகுல்சாரி அருகே பாறைச் சரிவில் பேருந்து சிக்கி இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். நாகோவுக்கு அருகே மல்லிங் ஓடை எந்த ஆண்டும் பாதையைச் சும்மா விட்டதில்லை. ஆகவே திரும்பும் ரயிலுக்கு முன் இரண்டு நாளாவது வெற்றாக விட்டு வையுங்கள். கையில் ரொக்கம் இருக்கட்டும்; காஜாவின் பணப்பொறியை (ஏடிஎம்) நம்பிப் போகாதீர்கள்.

இறங்கும்போதுதான் குன்சும். உடல் இப்போது பழகியிருப்பதால் சந்திரதால் ஏரிக்குப் பக்கத்தில் ஓரிரவு கூடாரத்தில் தங்கினாலும் தலை வலிக்காது. கணவாயின் உச்சியில் வண்டிகள் குன்சும் தேவி கோயிலை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டே போகும். ஓட்டுநர் அவசரக்காரராக இருந்தாலும் இதை விடமாட்டார். அதற்கப்பால் பாதலிலிருந்து கிராம்ஃபூ வரை பாதை என்பது உருண்ட பாறைகளும் குறுக்கே ஓடும் ஓடைகளும்தான். வெயில் ஏற ஏறப் பனியாறு உருகி ஓடைகள் பெருகும். காலையில் முழங்கால் அளவு ஓடும் நீர் பிற்பகலில் வண்டியைப் புரட்டும். ஆகவே ஏரியிலிருந்து விடியும் முன் புறப்பட்டு, முற்பகலுக்குள் அந்தப் பகுதியைக் கடந்துவிடுங்கள். பிறகு 2020-இல் திறந்த அடல் சுரங்கம், ஒன்பது கிலோமீட்டர்; மறுவாயிலில் தேவதாரு மரங்களும் பெரும்பாலும் மழையும் இருக்கும், குடையைப் பெட்டியின் அடியில் வைத்துவிடாதீர்கள்.